வீட்டில் வாழும் முதியவர்களுக்கான கேஸ் மேனேஜர்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

வீட்டிலேயே வாழும் முதியவர் ஒருவரிடம் பலர் வந்து போவார்கள். குளிக்க உதவ ஒருவர், புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு நர்ஸ், நடை பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட், மருந்து எழுத டாக்டர். ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்வார்கள். ஆனால் ஒருவர் பார்த்தது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. போன வாரம் டாக்டர் புதிதாக எழுதிய நீர் மாத்திரைக்கும், நேற்று இரவு கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று யார் யோசிப்பது? அதுதான் உங்கள் வேலை. கேர் கோஆர்டினேட்டர், கேர் பார்ட்னர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், நிதி விதிகளும் மாறும். வேலையின் முறை பெரிதாக மாறாது.

போவதற்கு முன்

ரெஃபரல் தாளில், அதாவது இவரைக் கவனியுங்கள் என்று உங்களுக்கு அனுப்பப்படும் பரிந்துரைத் தாளில், இருப்பது பெரும்பாலும் நோய்களின் பட்டியல். ஆள் எப்படி இருக்கிறார் என்பது அதில் இருக்காது. முதலில் போன் செய்யுங்கள். எந்த மொழியில் பேச வசதி, காது எப்படிக் கேட்கும், கதவை யார் திறப்பார், வீட்டில் நாய் உண்டா, சந்திப்பில் யார் உடன் இருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்பவற்றைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் வெளியாள் ஒருவரையே ஏற்பாடு செய்யுங்கள். மகளையோ பேரனையோ மொழிபெயர்க்க வைத்தால் சிறுநீர்க் கசிவும், பணக் கணக்கும், வீட்டுச் சண்டையும் பேச்சில் வராமலே போய்விடும்.

முதல் சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மறதிநோய் உள்ளவர் என்றால் காலை நேரம் நல்லது. மாலையில் குழப்பம் கூடுவது பலரிடம் உண்டு. இன்னொன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்: வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கண் சொட்டு, நாட்டு மருந்து, தேதி முடிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

முதல் சந்திப்பு

“குளிப்பதில் சிரமம் இருக்கிறதா அம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்பார். ஆமாம் என்றால் எங்கே கொண்டுபோய் விடுவார்களோ என்ற பயம். அதனால் கேள்வியை மாற்றுங்கள். “கடைசியாக எப்போது குளித்தீர்கள்? குழாயைத் திறந்ததிலிருந்து சொல்லுங்கள்.” பிறகு “குளியலறையைக் காட்டுகிறீர்களா?” என்று கூடவே போங்கள். சோப்பு காய்ந்து வெடித்திருக்கிறது, ஷவருக்கு அடியில் துணிக்கூடை, துண்டு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது. அதை அவரிடம் குற்றம்போலச் சுட்டிக்காட்ட வேண்டாம். குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்கப் பயமா, தண்ணீரைத் திறக்கக் கை வலிக்கிறதா, எந்த இடத்தில் தடை என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

என்னென்ன கேட்பது என்பதற்கு இரண்டு பழைய அளவீடுகள் இன்றும் போதுமானவை. 1963-இல் வந்த காட்ஸ் பட்டியலில் ஆறு அன்றாடச் செயல்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறை, படுக்கையிலும் நாற்காலியிலும் ஏறி இறங்குதல், மலசலக் கட்டுப்பாடு, சாப்பிடுதல். பொதுவாகக் குளியல் முதலில் கைவிட்டுப் போகும், சாப்பிடுவது கடைசிவரை நிற்கும். 1969-இல் லாட்டன், பிரோடி இருவரும் தந்த பட்டியலில் எட்டு: போன், கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம். இந்த எட்டில் சரிவு முன்னதாகவே தெரியும். பிரிக்கப்படாத தபால்கள், இரண்டு முறை கட்டிய மின்கட்டணம், தேதி முடிந்த பால் நிறைந்த ஃபிரிட்ஜ் எல்லாம் பேச்சைவிட உண்மை சொல்லும்.

நடையைக் கட்டாயம் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் எடுப்பது எளிய சோதனை. வழக்கமாகப் பயன்படுத்தும் கைத்தடியோ வாக்கரோ இருந்தால் அதோடுதான் நடக்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்பலாம். எண்ணைவிடத் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். பலர் தடுமாறுவது அங்கேதான். சோதனை செய்யும்போது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நில்லுங்கள்.

வாக்கரின் உயரமும் அடிக்கடி தவறாக இருக்கும், குறிப்பாக இறந்துபோன கணவருடையதை மனைவி பயன்படுத்தும் வீடுகளில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு அளவில் கைப்பிடி இருக்க வேண்டும். கைத்தடியைப் பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான், ஆனால் யார் கண்ணிலும் படாத விஷயம். துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழுந்தால், அது ஆள் பாரம் தாங்காது, ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். அங்கே முறையான பிடிகம்பி வேண்டும். எந்த உயரத்தில், எந்தச் சுவரில் என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர்) முடிவு செய்யட்டும். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டால் 1:12 என்பது பரவலான கணக்கு: 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். அவ்வளவு இடம் வாசலில் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் பிறகு நம்பிக்கை கொடுங்கள்.

புறப்படுமுன் முதியவரோடு தனியாகப் பத்து நிமிடமாவது பேச வேண்டும். “குளியலறையைப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்பது நல்ல சாக்கு. “வீட்டில் யாரைப் பார்த்தாவது பயமாக இருக்கிறதா? உங்கள் பணத்தை யார் கையாளுகிறார்கள்?” என்று நேராகவே கேட்கலாம். உடன் இருப்பவர் ஒரு நிமிடம்கூட விலக மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். துன்புறுத்தல் சந்தேகம் எழுந்தால் நீங்களே விசாரணை நடத்தக் கிளம்ப வேண்டாம். அன்றே மேலாளரிடம் சொல்லி, உங்கள் சட்டம் சொல்லும் வழியில் அறிக்கை கொடுங்கள்.

திட்டம் எழுதுதல்

“தனிப்பட்ட பராமரிப்பு, வாரம் 3 முறை” என்று எழுதிய திட்டத்தை வைத்துக்கொண்டு புதிதாக வரும் பணியாளர் எதையும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“திங்கள், புதன், வெள்ளி காலை 8 முதல் 8.45. பெண் பணியாளர் மட்டும். வலி மாத்திரை சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கவும். ஷவர் நாற்காலியில் உட்காரவைக்கவும். முகம், கைகள், மார்பு அவரே தேய்த்துக்கொள்வார், நேரமானாலும் விட்டுவிடவும். முதுகு, கால்கள் பணியாளர். துடைக்கும்போது குதிகால்களையும் பிட்டத்துக்கு மேலுள்ள எலும்புப் பகுதியையும் பார்க்கவும். சிவப்பு இருந்தால் அன்றே அலுவலகத்துக்குப் போன்.”

“நேரமானாலும் விட்டுவிடவும்” என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் பணியாளரே எல்லாவற்றையும் செய்துவிடுவார். சில மாதங்களில் அந்த முதியவருக்குத் தானே முகம் கழுவும் பழக்கமும் போய்விடும்.

குறிக்கோளை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். “சுதந்திரத்தைப் பேணுதல்” என்பதை எப்படி அளப்பது? “கைத்தடியோடு தபால்பெட்டிவரை தனியாகப் போய்வர வேண்டும்” என்றால் மூன்று மாதத்தில் ஆயிற்றா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு வரிக்கும் யார் செய்வார், எப்போது, எதைப் பார்த்தால் திட்டம் பலிக்கவில்லை என்று தெரியும் என மூன்றும் இருக்க வேண்டும்.

பணியாளர் வராத நாளுக்கும் திட்டம் வேண்டும். எல்லாக் கேஸ்களையும் மூன்று வகையாகப் பிரித்து வைத்தால் போதும். முதல் வகை, ஒருவர் வராவிட்டால் சில மணி நேரத்திலேயே ஆபத்து: இன்சுலின் போட உதவி தேவைப்படுபவர், படுக்கையிலிருந்து தானாக எழ முடியாதவர், தனியாக வாழும் மறதிநோயாளி. இரண்டாம் வகை, ஒரு நாள் தாங்கும். மூன்றாம் வகை, வீடு துடைப்பது போல அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். காலை 7 மணிக்கு இரண்டு பணியாளர்கள் காய்ச்சல் என்று போன் செய்யும்போது இந்தப் பட்டியல் இல்லையென்றால், யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அந்தக் குடும்பத்துக்குத்தான் ஆள் போவார்.

மருந்துப் பை

மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கேஸ் மேனேஜர் வேலையில்லை. பார்த்ததைச் சரியான ஆளிடம் சொல்வது உங்கள் வேலை. பையில் இருப்பது, மருந்தகத்தின் பட்டியல், டாக்டரின் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகும் வீடு அபூர்வம்.

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருக்கலாம். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். தூக்க மாத்திரைகளும், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரக்கூடியவை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது என்பதால் இவை பட்டியலில் ஏறுவதே இல்லை. ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்து சாப்பிடுபவர் என்றால் மருந்தாளுநரிடம் முழு மறுஆய்வு கேளுங்கள்.

நேரம் தனி விஷயம். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா நேரத்துக்குப் போகாவிட்டால் கைகால் இறுகி, ஆள் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போகும். அந்த நிலையில் பணியாளர் குளிப்பாட்டப் போனால் இருவருக்கும் ஆபத்து. ஆகவே பணிப்பட்டியலை மருந்து நேரத்துக்கு ஏற்பப் போட வேண்டும், ஆள் கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ப அல்ல. இன்சுலினும் காலை உணவும் இதேபோலத்தான். விழுங்கச் சிரமம் என்று பணியாளர் மாத்திரையைப் பொடிக்கிறாரா என்றும் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறது என்பவருக்கு நர்ஸ் மூலம் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற முதல் மற்றும் மூன்றாம் நிமிடத்திலும் பிபி எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்த எண்களோடு டாக்டரிடம் பேசலாம். “தலைசுற்றல்” என்று சும்மா சொன்னால் “வயதாகிவிட்டது” என்ற பதிலோடு திரும்புவீர்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாட்கள்

இந்த வேலையில் அதிகம் பிசகுவது இந்த இடம். மருத்துவமனைகளுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுக்கு அனுப்புவதில் ஏனோ தனி விருப்பம். அட்மிட் ஆனபோது நிறுத்தி வைத்த சேவைகள் தானாகத் திரும்பத் தொடங்காது. யாராவது சொன்னால்தான் தொடங்கும், அந்த யாராவது நீங்கள்தான். அட்மிட் ஆன செய்தி வந்த அன்றே வார்டுக்குப் போன் செய்து உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுத்து, “அனுப்புவதற்கு முந்தைய நாள் சொல்லுங்கள்” என்று கேட்டுவையுங்கள்.

திரும்பியதும் 24 மணி நேரத்துக்குள் போன், முடிந்தவரை மூன்று நாளுக்குள் நேரில். கேள்விகள் இவை. புதிதாகச் சேர்த்த மருந்து எது? நிறுத்தியது எது? அளவு மாறியது எது? நிறுத்திய மருந்தின் பழைய அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா? (இருக்கும். மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.) கட்டு மாற்ற யார் வருகிறார்கள்? கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டிருந்தால் எடுக்கும் தேதி என்ன? அடுத்த டாக்டர் சந்திப்புக்குக் கூட்டிப்போவது யார்? படுக்கையிலேயே பத்து நாள் கிடந்தவரின் கால்கள் போகும்போது இருந்த கால்கள் அல்ல. பழைய கேர் பிளானை அப்படியே தொடரக் கூடாது. எழுதல், உட்காருதல், நடத்தல் மூன்றையும் மறுபடி பாருங்கள்.

திடீர்க் குழப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று பகலில் தூங்கி வழிகிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார், ஒரு மணி நேரம் தெளிவாகவும் அடுத்த மணி நேரம் குழம்பியும் இருக்கிறார் என்றால் அது டெலிரியமாக இருக்கலாம். தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிய மருந்து, வலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவரிடம் இதைத் தவறவிடுவது மிக எளிது. அமைதியாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும் வகையை யாருமே கவனிக்க மாட்டார்கள், தொந்தரவு இல்லையே என்று விட்டுவிடுவார்கள்.

பணியாளர்கள் உடனே சொல்ல வேண்டியவை

வாரத்தில் பல மணி நேரம் அந்த வீட்டில் இருப்பவர் பணியாளர், நீங்கள் அல்ல. எதைப் பார்த்தால் போன் செய்ய வேண்டும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். தோலில் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் இந்த நிறமாற்றம் சரியாகத் தெரியாது. சூடு, கடினம், வலி, சுற்றியுள்ள தோலிலிருந்து வேறுபட்ட நிறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சட்டை தொளதொளப்பானால், பல்செட் கழன்று ஆடினால் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவக் கவனம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது 3 கிலோ.

அடிபடாமல் விழுந்தாலும் அது விழுதல்தான், பதிய வேண்டும். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் எலும்பு முறியாவிட்டாலும் நீரிழப்பு, உடல் குளிர்தல், தசைச் சிதைவு வரலாம். அவசர அழைப்புப் பொத்தான் வாங்கிக் கொடுத்தாயிற்று என்று திருப்தி அடைய வேண்டாம். அடுத்த முறை போகும்போது அது கழுத்தில் இருக்கிறதா, படுக்கையறைக் கொக்கியில் தொங்குகிறதா என்று பாருங்கள். குளிக்கும்போது கழற்றிவிடுகிறார் என்றால் தண்ணீர் தாங்கும் வகைதானா என்று பார்த்து, அதை அவருக்குச் சொல்லுங்கள்.

குடும்பம்

முதியவர் உங்கள் கேஸ் என்றாலும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ சாய்ந்துவிட்டால் திட்டம் முழுவதும் சாயும். “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “பரவாயில்லை” என்றுதான் வரும். “இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? கடைசியாக எப்போது டாக்டரிடம் உங்களுக்காகப் போனீர்கள்?” என்று கேளுங்கள். 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் சுமை அளவீடு இதற்காகவே உள்ளது. தனியாக, எழுத்தில் நிரப்பச் சொன்னால் உண்மை வரும். ஓய்வுச் சேவையை (பராமரிப்பவர் ஓய்வெடுக்க, அந்த நேரம் வேறொருவர் முதியவரைப் பார்த்துக்கொள்வது) பராமரிப்பவர் சோர்ந்து விழுவதற்கு முன்பே, சின்ன அளவில் தொடங்குங்கள். வாரம் மூன்று மணி நேரம் பழகிய பிறகு இரண்டு நாள் விட்டுப்போக மனம் வரும்.

பிள்ளைகள் பலர் இருந்தால் ஒருவரைத் தொடர்பாளராக எழுத்தில் நியமிக்கச் சொல்லுங்கள், முதியவரின் சம்மதத்தோடு. தொலைவில் இருந்து வாரம் ஒருமுறை போன் செய்யும் பிள்ளைதான் பெரும்பாலும் அதிகம் குறை சொல்வார். அருகில் இருந்து பார்ப்பவருக்குக் குறை சொல்லவும் நேரம் இருக்காது.

முதியவர் உதவியை மறுத்தால்? முடிவெடுக்கும் திறன் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனி. பணக் கணக்கு புரியாதவருக்கு, தனக்கு யார் குளிக்க உதவலாம் என்று சொல்லத் தெரியும். விளைவு புரிந்து மறுத்தால் அது அவர் உரிமை. என்ன ஆபத்தைச் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், மாற்றாக எதை ஏற்றுக்கொண்டார் என்று பதிந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். காரணம் சில நேரம் மிகச் சின்னதாக இருக்கும்: அந்தப் பணியாளர் செருப்போடு வீட்டுக்குள் வருகிறார் என்பார்.

குறிப்பு எழுதுதல்

அன்றே எழுதுங்கள். பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுதுங்கள். “வீடு அசுத்தம், வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை” என்பது தீர்ப்பு. “சமையலறைத் தரையில் உணவுத் துணுக்குகள், தொட்டியில் கழுவாத பாத்திரங்கள். பணியாளர் வருவதை வேண்டாம் என்றார், காரணம் கேட்டபோது ‘சாமான் காணாமல் போகிறது’ என்றார்” என்பது குறிப்பு. முதலாவதை வைத்து அடுத்தவர் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்து நினைவாற்றல் சோதனைக்கு அனுப்பலாம், திருட்டு உண்மையா என்றும் விசாரிக்கலாம். இரண்டுமே சாத்தியம், ஒன்றை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

டாக்டரோடு பேசும்போது நான்கு படி: இப்போது என்ன, பின்னணி என்ன, நாம் என்ன நினைக்கிறோம், என்ன வேண்டும். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். “இன்று மாலைக்குள் பார்க்க முடியுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும்.

வாரத்தை ஓட்டுவது

நாளில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படியும் நிரம்பிவிடும். ரெஃபரல் அனுப்பினால் வேலை முடிந்துவிடாது, எந்தத் தேதிக்குள் பதில் வர வேண்டும் என்று காலண்டரில் போட்டு, வராவிட்டால் போன் செய்யுங்கள். பெரும்பாலான தாமதங்கள் யாரோ ஒருவரின் படிக்காத மெயிலில் கிடக்கின்றன. வழக்கமான மறுஆய்வு ஒரு பக்கம் நடக்கட்டும். ஒரு விழுதல், ஒரு அட்மிஷன், பராமரிப்பவருக்கு நோய், துணையின் மரணம் ஆகியவற்றில் எது நடந்தாலும் தேதிக்குக் காத்திராமல் மறுஆய்வு செய்ய வேண்டும். சத்தமே வராத கேஸ்களுக்கும் மாதம் ஒருமுறை போன் போடுங்கள். தனியாக இருந்து, எதையும் கேட்காமல் மெலிந்துகொண்டே போகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டாம். வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ வாங்க வேண்டாம், அவரே வற்புறுத்தினாலும். வீட்டுச் சாவியை வாங்கினால் பதிவேட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள், சாவியில் முகவரி எழுதாதீர்கள்.

கேஸை மூடும்போது

ஒருவர் இறந்துவிட்டாலோ முதியோர் இல்லத்துக்கு மாறினாலோ, முதலில் அடுத்த வருகைகளை ரத்து செய்யுங்கள். துக்க வீட்டில் மறுநாள் காலை 8 மணிக்குக் குளிப்பாட்ட ஆள் போய் நிற்கக் கூடாது. வழக்கமாக வந்த பணியாளருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள், பணிப்பட்டியல் செயலியில் பெயர் மறைந்ததைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். பிறகு சாப்பாடு கொண்டுவருபவர், நர்ஸ், மருந்தகம், போக்குவரத்து, அவசரப் பொத்தான் கம்பெனி ஆகியோருக்குத் தகவல். வாடகைக் கட்டில், ஆக்ஸிஜன் இயந்திரம் இருந்தால் குடும்பத்திடம் கேட்டு எடுக்கும் நாளை முடிவு செய்யுங்கள். அதுவரை வாடகை ஓடாமல் நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள். மிச்ச மருந்துகள், குறிப்பாக மார்ஃபின் போன்ற வலுவான வலிநிவாரணிகள், மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும். சாவியைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். கடைசிக் கட்டணச் சீட்டை ஒருமுறை நீங்களே சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.